சியெனாவில் மூன்று மணி நேரம்: கணக்கு அட்டைகள் சொன்ன அரசியல்

முப்பது வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அதனாலோ என்னவோ, இத்தாலியின் சியெனா நகரத்தில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது தேவாலயமோ கோபுரமோ இல்லை. நகர அரசின் பழைய கணக்குப் புத்தகங்களுக்குப் போட்ட, ஓவியம் தீட்டிய மர அட்டைகள். அங்கே எங்களைக் கூட்டிப்போன நடைச் சுற்றுலாவைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

சின்ன நிறுவனம். மகளையும் என்னையும் சேர்த்து எட்டுப் பேர், வழிகாட்டியாக ஒரு அம்மா. சியெனாவும் ஃப்ளாரன்ஸும் போட்டிபோட்ட காலம்தான் பொருள்.

காம்போ சதுக்கத்தில் தொடங்கினார். 1260இல் மொந்தபெர்த்தியில் சியெனா ஃப்ளாரன்ஸைத் தோற்கடித்த கதையை எல்லோரும் சொல்வார்கள். சியெனா புனித ரோமப் பேரரசர் பக்கம், ஃப்ளாரன்ஸ் போப் பக்கம் என்பதோடு நிறுத்திவிடுவார்கள். இவர் பணத்தைப் பற்றிப் பேசினார். சியெனா வணிகர்களிடம் வாங்கிய கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று போப் சொல்லிவிட்டால் அந்த வணிகர்கள் கதி என்ன? போரில் வென்ற ஊர் பத்தே வருடத்துக்குள் போப் பக்கம் சாய்ந்ததற்கு, 1269இல் கொல்லேயில் வாங்கிய அடியோடு இந்த நெருக்கடியும் ஒரு காரணம். 1287 முதல் 1355 வரை ஆண்ட 'ஒன்பதின்மர்' என்ற ஒன்பது பேர் ஆட்சிக்குழு, பழைய எதிரியான ஃப்ளாரன்ஸோடு நட்பாகவே இருந்தது. ஒரு குழுவுக்குப் பதவிக்காலம் இரண்டே மாதம்.

அந்த ஒன்பதின்மர் கூடிய அறையில் முக்கால் மணி நேரம் நிற்க விட்டார். அதற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நல்லாட்சி ஒரு பக்கம், கொடுங்கோலாட்சி எதிர்ப்பக்கம் என ஓவியர் அம்புரோஜோ லொரென்ஸெத்தி 1338-39இல் வரைந்த சுவர்கள். நீதியின் தராசிலிருந்து ஒரு கயிறு இறங்குகிறது. ஒற்றுமை என்ற பெண் அதை வாங்கி 24 குடிமக்கள் கையில் தருகிறாள். அவள் மடியில் தச்சர்களின் இழைப்புளி: மேடு பள்ளத்தைச் சமமாக்க. எதிர்ச்சுவரில் கொம்பும் கோரைப்பல்லுமாகக் கொடுங்கோன்மை, அதன் காலடியில் கட்டுண்டு கிடக்கும் நீதி. நல்லாட்சிச் சுவரின் ஓரத்தில் தலமோனே துறைமுகத்தை மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். கடல் இல்லாத ஊர், பீசாவையும் ஜெனோவாவையும் போலத் தனக்கும் ஒரு துறைமுகம் வேண்டும் என்று ஏங்கியது அந்தச் சின்ன மூலையில் இருக்கிறது.

குறை என்று சொன்னால், 1348க்குப் பிறகு வேகம் பிடித்துவிட்டார். கொள்ளைநோய் வந்தது, ஒன்பதின்மர் கவிழ்ந்தார்கள், அவ்வளவுதான். அடுத்த அறையிலேயே 1363இல் ஒரு கூலிப்படையைச் சியெனா வென்ற ஓவியம் இருந்தது, அதைத் தாண்டிப் போய்விட்டோம். இன்னொன்றுதான் எனக்குப் பெரிய வருத்தம். 1399இல் ஃப்ளாரன்ஸுக்குப் பயந்து, சியெனா தானாகவே மிலான் பிரபு ஜான் கலேயாத்ஸோ விஸ்கோந்தியின் கீழ் போய்ச் சேர்ந்தது. கயிற்றைக் குடிமக்கள் கையில் வரைந்து வைத்த ஊர் அது! விஸ்கோந்தி 1402இல் இறந்துபோனார், அப்புறம் சியெனா விடுபட்டது. அந்த அறையில் நின்று கேட்க வேண்டிய கதை. நான் கேட்டபோது வழிகாட்டி பதில் சொன்னார், ஆனால் நடந்துகொண்டே. காதுக்கருவியும் படிக்கட்டில் இரண்டு முறை அறுந்துபோனது.

கடைசியாக பிக்கொலோமினி மாளிகையிலுள்ள ஆவணக் காப்பகம். நகரக் கருவூலமான பிக்கெர்னாவின் அட்டைகள் அங்கேதான் இருக்கின்றன. 1258இலிருந்து தொடங்குகிறது. முதல் அட்டையில் இருப்பவர் ஒரு துறவி, சான் கல்கானோ மடத்தைச் சேர்ந்த ஊகோ. பொக்கிஷத்தை உள்ளூர்க் கட்சிக்காரர்களிடம் விடாமல் துறவியிடம் கொடுத்ததன் அர்த்தம் கணக்கெழுதியவர்களுக்கு உடனே புரியும். 1468ஆம் ஆண்டு அட்டை முன்னால் நான் நகரவே இல்லை. சமாதான காலத்தில் ஒரு பக்கம் குடிமக்களுக்குப் பணம் போகிறது, போர்க்காலத்தில் மறுபக்கம் படைவீரர்களுக்கு.

நேரம் குறைவாக இருப்பவர்கள் காம்போவைத் தனியாகவே சுற்றிக்கொள்ளலாம். அந்த நேரத்தையும் காப்பகத்துக்கே ஒதுக்கும்படி முன்பதிவின்போதே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். நாங்கள் கேட்டதற்கு அவர் ஒத்துக்கொண்டு, கூடுதலாக இருபது நிமிடம் அங்கே இருந்தார்.