சாயத்தண்ணிக்கு பாக்டீரியா + என்சைம் பவுடர்: மூணு பக்கெட்ல டெஸ்ட் பண்ணிப் பார்த்தது

கம்பெனி பேர் சொல்லப் போறதில்ல. பாக்டீரியாவும் என்சைமும் கலந்த பவுடர், டேங்க்ல கொட்டினா சாயம், பூச்சிமருந்து, பிஎஃப்ஏஎஸ் (லேசுல அழியாத ஃப்ளோரின் கெமிக்கல்) எல்லாத்தையும் தின்னு தீர்த்துடும்னு லேபிள்ல போட்டிருக்கு.

நேரா டேங்க்ல கொட்டாம மூணு பக்கெட்ல சாயத்தண்ணி எடுத்தேன், ஒண்ணுல பவுடரே போடல (இல்லன்னா தானா அடியில படியுற கலரையும் பவுடர் கணக்குல எழுதிடுவோம்). ஒரு வாரம் மூணும் ஒரே கலர். அப்புறம்தான் லேபிளை ஒழுங்கா படிச்சேன், என்சைம் பேர் லாக்கேஸ். மரத்தை மக்க வைக்கிற காளான்ல இருந்து எடுக்குறது, பெரும்பாலும் பிஎச் (அமில-கார அளவு) 4, 5-ல தான் நல்லா ஓடும், நம்ம தண்ணி 10, அதுல போட்டா சும்மாதான் கிடக்கும். புதுசா தண்ணி பிடிச்சு, ஆசிட் விட்டு 5-க்கு இறக்கி மறுபடி போட்டேன், ஒரே நாள்ல நீலம் வெளிறிப் போச்சு, நிஜமாவே அசந்துட்டேன். ஆனா கூடவே இருக்குற பாக்டீரியாவுக்கு 7 பக்கத்துல இருந்தாதான் சௌகரியம். ரெண்டையும் ஒரே பாக்கெட்ல அடைச்சு ஒண்ணா கொட்டுங்கன்னா எந்த ஊர் நியாயம்?

மூணாவது பக்கெட்டை 7-க்கு கொண்டுவந்து, கொஞ்சம் ஸ்டார்ச் போட்டு, காத்து போகாம மூடி வச்சேன். சிவப்பு சாயம் நாலு நாள்ல காணோம். கூட வேலை செய்யுற பையன் "அண்ணே, குடிக்கலாம் போல இருக்கே"ன்னான். அடேய், குடிச்சிடாத! காத்தில்லாத இடத்துல பாக்டீரியா அசோ சாயத்தோட நைட்ரஜன் பிணைப்பை வெட்டிடும், கலர் போயிடும், ஆனா விழுறது அரோமேட்டிக் அமீன், அதுல சிலது கேன்சர் வரவைக்கும். சிஓடி (தண்ணியில எவ்வளவு அழுக்கு மிச்சம்னு காட்டுற அளவு) பார்த்தா பெருசா இறங்கவே இல்ல. அதுக்கப்புறம் காத்து பம்ப் விட்டு ரெண்டு நாள் ஓட்டினதும்தான் இறங்க ஆரம்பிச்சது. முதல்ல காத்தில்லாம, அப்புறம் காத்தோடன்னு லேபிள்ல ஒரு வரி இல்ல.

சரியான நுண்ணுயிருக்கு சரியான இடம் கொடுத்தா வேலை நடக்கும், அதுல சந்தேகம் இல்ல. டீஹாலோகாக்காய்டிஸ்னு ஒரு பாக்டீரியா, நிலத்தடி நீர்ல கலந்த டிரை கிளீனிங் சால்வென்ட்டை விஷமில்லாத எத்தீன் வரைக்கும் உடைச்சுக் கொண்டுபோகும், ஆனா ஆக்சிஜன் ஆகவே ஆகாது, பாதியில நின்னா வினைல் குளோரைடு, அது இன்னும் மோசம். இந்தப் பாக்கெட்ல என்ன பாக்டீரியான்னு பேரே இல்ல. பிஎஃப்ஏஎஸ் கதையை நான் நம்பல, கார்பன் ஃப்ளோரின் பிணைப்பை லேப்லயே உடைக்கத் திணறுறாங்க.

சப்போர்ட்ல கேட்டேன், "டோஸை டபுள் பண்ணுங்க சார்"னாங்க.

என் மார்க் அஞ்சு ஸ்டாருக்கு ரெண்டு. அதுவும் லாக்கேஸுக்காக, அடுத்த தடவை அதை மட்டும் தனியா வாங்கிக்கப் போறேன்.