டெக்சஸில் யூஎம்/யூஐஎம் கவரேஜ்: கவருக்கு நாலரை ஸ்டார், க்ளெய்முக்கு இரண்டரை

டாலஸ் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் உங்கள் பாலிசியின் முதல் பக்கத்தை, அதான் டெக் பேஜ், ஒரு தடவை திறந்து பாருங்கள். லையபிலிட்டிக்கும் (உங்கள் தப்பால் அடுத்தவருக்கு ஆகும் இழப்புக்கு) கொலிஷனுக்கும் (மோதலில் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு) நடுவில் 'அன்இன்ஷூர்டு/அண்டர்இன்ஷூர்டு மோட்டரிஸ்ட்' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு எதிரில் 'ரிஜெக்டட்' என்று போட்டிருந்தால் மேலே படியுங்கள். ஒரு கம்பெனியைப் பற்றிய ரிவ்யூ இல்லை இது, அந்த ஒரு வரியைப் பற்றியது.

விஷயம் எளிது. தப்பு எதிராளி மேல், ஆனால் அவரிடம் இன்ஷூரன்ஸே இல்லை, அல்லது இடித்துவிட்டு ஓடிவிட்டார் என்றால் யூஎம். இன்ஷூரன்ஸ் இருக்கிறது, ஆனால் உங்கள் செலவுக்குப் போதவில்லை என்றால் யூஐஎம். அவர் கொடுத்திருக்க வேண்டிய பணத்தை உங்கள் கம்பெனியே உங்களுக்குக் கொடுக்கும். டெக்சஸில் இரண்டையும் ஒன்றாகத்தான் விற்கிறார்கள்.

எங்களுக்கு இது பயன்பட்ட கதை. மனைவி வண்டி ஓட்ட, பின் சீட்டில் ஊரிலிருந்து வந்திருந்த மாமனார், மாமியார். சிக்னலில் நின்றிருந்தவர்களை ஒரு பிக்கப் டிரக் பின்னால் வந்து இடித்தது. அந்த ஆள் மரியாதையாக இறங்கி வந்து இன்ஷூரன்ஸ் கார்டையும் நீட்டினார், மனைவி போனில் படம் எடுத்துக்கொண்டாள். கார்டில் இருந்த தேதியெல்லாம் சரியாகத்தான் இருந்தது. பாலிசிதான் பணம் கட்டாமல் எப்போதோ ரத்தாகியிருந்தது. முதல் மாதத் தவணை கட்டி கார்டை வாங்கிக்கொண்டு அதோடு விட்டுவிடுகிறவர்கள் இங்கே உண்டு. 'டெக்சஸ்ஷூர்' என்று ஒரு சரிபார்ப்பு ஏற்பாடு 2008லிருந்து இருக்கிறது, முதல் முறை பிடிபட்டால் 175 முதல் 350 டாலர் வரை அபராதம், இருந்தும் ஓட்டுகிறவர்கள் ஓட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

மாமியாருக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. விசிட்டர் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தோம், ஆனால் அது இன்ன சிகிச்சைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு போட்டுத் தரும் வகை, எமர்ஜென்சி பில்லுக்குப் பக்கத்திலேயே வராது. பிஐபி என்று ஒரு கவர், தப்பு யார் மேல் என்று பார்க்காமல் மருத்துவச் செலவுக்குத் தருவது, அதன் குறைந்தபட்ச அளவு 2,500 டாலர், அது எக்ஸ்ரே எடுத்து முடிப்பதற்குள் காலி. மிச்சத்துக்குக் கை கொடுத்தது யூஎம்தான். பாலிசியில் அவர்கள் பெயர் இல்லையே என்று பயந்தோம், தேவையில்லை, உங்கள் வண்டியில் உட்கார்ந்திருப்பவர்களும் இதில் சேர்த்தி. வருஷா வருஷம் அப்பா அம்மாவை வரவழைக்கிற நம் ஆட்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். இங்கே வந்து ஒரே வாரத்தில் அவர்களை காஸ்ட்கோவுக்குக் கூட்டிப்போகாதவர் யார்?

கவருக்கு நாலரை ஸ்டார் இதற்காகத்தான். க்ளெய்ம் பக்கம் வந்தால் கதை வேறு.

யூஎம் க்ளெய்மில் இடித்த ஆளின் இடத்தில் உட்காருவது உங்கள் சொந்தக் கம்பெனி. இதை யாரும் விற்கும்போது சொல்வதில்லை. விளம்பரத்தில் தோளில் கை போட்ட கம்பெனி, அட்ஜஸ்டர், அதாவது க்ளெய்மை விசாரித்துத் தொகை சொல்லும் ஆள், ரூபத்தில் போன் பண்ணி, 'உங்கள் மாமியாருக்கு முன்பே எலும்புத் தேய்மானம் உண்டா, பழைய மருத்துவ ரெக்கார்டுகளை அனுப்ப முடியுமா' என்று கேட்டது. மாமியாரின் ரெக்கார்டுகள் திருச்சி வீட்டு பீரோவில் ஒரு மஞ்சப்பைக்குள் இருக்கின்றன, இதை எப்படி ரெக்கார்டட் ஸ்டேட்மெண்டில் விளக்குவது? ஆளில்லாத வீட்டைப் பக்கத்து வீட்டுப் பையனை விட்டுத் திறக்கச் சொல்லி, அவன் வாட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்பி, எல்லாம் ஆகித்தான் நகர்ந்தது. முதலில் சொன்ன தொகை மருத்துவமனை பில்லுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். வலிக்கு, மனைவி வேலைக்குப் போகாத நாட்களுக்கு எல்லாம் பேரம். கடைசியில் ஓரளவு நியாயமான தொகைக்கு வந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆனால் எழுதி எழுதிக் கேட்டுத்தான் வந்தது.

அவர்களுக்கு அவசரம் இல்லாததற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. இடித்தவர் மேல்தான் தப்பு, இழப்பு இவ்வளவு என்று தீர்ப்பாகும் வரை யூஐஎம் பணம் தரும் ஒப்பந்தக் கடமை கம்பெனிக்குத் தொடங்குவதில்லை என்று 2006ல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரும்பாலான க்ளெய்ம்கள் பேசியே முடிகின்றன, சரி, ஆனால் பேரத்தில் யார் கை ஓங்கியிருக்கும் என்று புரிகிறதல்லவா. பெரிய காயம் என்றால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதே நல்லது.

இன்னொரு ஓட்டை, ஹிட் அண்ட் ரன். அடையாளம் தெரியாத வண்டி என்றால் டெக்சஸில் அது உங்கள் வண்டியையோ உங்களையோ உண்மையில் தொட்டிருக்க வேண்டும். 635 ஹைவேயில் எவனோ குறுக்கே வெட்ட, நீங்கள் ஒடித்துத் திருப்பித் தடுப்புச் சுவரில் மோதி, அவன் போய்விட்டான் என்றால் யூஎம் கிடையாது, டாஷ்கேமில் பளிச்சென்று பதிவாகியிருந்தாலும். இதை எவ்வளவு கறாராகப் பார்க்கிறார்கள் என்றால், ஒரு டிரக்கிலிருந்து அச்சோடு சக்கரங்கள் கழன்று வந்து இன்னொரு வண்டியை இடித்த வழக்கில், இடித்தது சக்கரம்தான், 'வண்டி' அல்ல என்று 2008ல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படித்துவிட்டுச் சிரிப்பதா என்று தெரியவில்லை.

இடித்தவரின் கம்பெனி ஒரு காசோலையை நீட்டினால் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் கம்பெனியின் சம்மதம் எழுத்தில் வாங்காமல் செட்டில் செய்தால் யூஐஎம் சிக்கலாகும்.

எவ்வளவு எடுப்பது? இங்கே கட்டாய லையபிலிட்டி 30/60/25. ஒரு ஆளின் காயத்துக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000, பொருள் சேதத்துக்கு 25,000. 2011லிருந்து இதுதான், ஆஸ்பத்திரி பில் மட்டும் அதே இடத்தில் நிற்கவில்லை. ஓர் அறுவை சிகிச்சை, நாலு நாள் படுக்கை என்றால் அந்த 30,000 எங்கே போனது என்று தெரியாது. அதனால் இன்ஷூரன்ஸ் இல்லாதவரைவிட, குறைந்தபட்சம் மட்டும் வைத்திருப்பவரைப் பார்த்துத்தான் எனக்கு பயம். யூஎம் அளவை உங்கள் லையபிலிட்டி அளவு வரைக்கும் உயர்த்தலாம், அதற்கு மேல் தரமாட்டார்கள். லையபிலிட்டி 100/300 (ஆளுக்கு 1,00,000, விபத்துக்கு 3,00,000 டாலர்) வைத்திருந்தால் இதையும் 100/300 ஆக்குங்கள். நாங்கள் கேட்ட கொட்டேஷன்களில் எல்லாம் கொலிஷன் பிரீமியத்துக்கு முன்னால் இது சில்லறைதான்.

யூஎம்பிடி என்று வண்டிச் சேதத்துக்கும் தனியாக ஒரு பகுதி உண்டு, டிடக்டிபிள், அதாவது முதலில் உங்கள் கையிலிருந்து போட வேண்டியது, 250 டாலர். கொலிஷனில் 1,000 டாலர் டிடக்டிபிள் போட்டிருப்பவர்களுக்கும், கொலிஷனே இல்லாத பழைய கேம்ரி ஓட்டுகிறவர்களுக்கும் இது லாபம்.

வேறு மாநில நண்பர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் இழப்பு 1,00,000 டாலர், எதிராளியிடம் 30,000, உங்கள் யூஐஎம் 50,000 என்று வையுங்கள். டெக்சஸில் 30,000க்கு மேல் உங்கள் 50,000ம் முழுசாக வரும், மொத்தம் 80,000. கலிஃபோர்னியாவில் 50,000லிருந்து 30,000ஐக் கழித்துவிட்டு 20,000தான் தருவார்கள், மொத்தமே 50,000. ஃப்ளோரிடா இன்னும் விசேஷம், சாதாரண ஓட்டுநர் அடுத்தவர் காயத்துக்கான லையபிலிட்டி எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமே அங்கே இல்லை, அங்கே இருந்துகொண்டு யூஎம் வேண்டாம் என்பவரின் தைரியம் எனக்கு வராது. 2019 கணக்குப்படி நாடு முழுக்க இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டியவர்கள் 12.6 சதவீதம், மிசிசிப்பியில் 29.4, நியூஜெர்சியில் 3.1. நியூஜெர்சியின் எடிசன்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு அலட்சியமாக இருந்துவிடாதீர்கள், இன்ஷூரன்ஸ் இல்லாதவர்கள் கணக்கு மட்டும்தான் அது, போதாமல் வைத்திருப்பவர்கள் அதில் வரமாட்டார்கள்.

ரிஜெக்ட் எப்படி ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். டெக்சஸில் கம்பெனி இதைக் கொடுத்தே ஆக வேண்டும், வேண்டாம் என்றால் நீங்கள் எழுத்தில் மறுக்க வேண்டும். அந்த எழுத்து இப்போது ஆன்லைனில் வரிசையாக வரும் இ-சைன் பெட்டிகளில் ஒன்று, பேப்பர்லெஸ் சம்மதத்துக்கும் ஆட்டோபேக்கும் நடுவில் பிஐபி மறுப்போடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். விலையைக் குறைத்துக் காட்டச் சொன்னால் முதலில் உருவப்படுவது இந்த வரியாகத்தான் இருக்கும். மறுத்தது எழுத்தில் இருக்கும் வரை ரினியூவலிலும் அப்படியே தொடரும். ஏஜெண்டிடம் சொல்லிச் சேர்க்க ஒரு போன் கால் போதும். அம்ப்ரெல்லா பாலிசி (லையபிலிட்டி அளவுக்கு மேல் கூடுதலாகக் காக்கும் தனி பாலிசி) வைத்திருப்பவர்கள் அதே காலில் அதற்குள் யூஎம் சேர்த்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் இருக்காது, சில கம்பெனிகள் தனியாகச் சேர்த்துத் தருகின்றன.