கோழிப்பண்ணைக் கொட்டகையிலிருந்து வால்பாறைக்கு: ஹெரால்டுடன் ஆறு வருடம்

ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பழைய இங்கிலாந்துக் காரை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அது குடும்பக் கார்தான். ஆனால் 1962ல் இங்கிலாந்தில் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், இதே ஹெரால்டின் சேஸி என்ற அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி அதன் மேல் கட்டியது. முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பின் ஆக்ஸில் எல்லாம் ஒரே வம்சம். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவரும் ஒருவரே, இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. ஸ்பிட்ஃபயர் வாங்க என் கையில் காசு இல்லை. சரி, பங்காளி வீட்டுப் பிள்ளையாவது கிடைக்கட்டும் என்று 2017 தை மாதம் இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றை 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். 1967 மாடல், ஹெரால்டை நம் நாட்டில் செய்து விற்ற ஸ்டாண்டர்டு கம்பெனியின் வண்டலூர் தொழிற்சாலையில் செய்தது. 2019லிருந்து ஓட்டுகிறேன். இதுவரை 23,000 கிலோமீட்டர் ஆகியிருக்கிறது.

வண்டி நின்றது பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்தில், கோழிப்பண்ணையை ஒட்டிய கொட்டகையில். பதினெட்டு வருடமாக நகரவில்லை. தோட்டத்துக்காரப் பெரியவர் சுற்றிச் சுற்றி என்னைத்தான் பார்த்தார், வண்டியைப் பார்க்கவில்லை.

"ஏனுங் தம்பி, ஓட்டறதுக்கு வாங்கறீங்களா, நிறுத்தி வெச்சுப் பாக்கறதுக்குங்களா?"

"ஓட்டறதுக்குத்தானுங்க ஐயா."

"அப்பப் பின்னாடி சீட்ட ஒருக்கா பாத்துக்குங்க. நாட்டுக்கோழி ஒண்ணு அங்கதான் அடை உக்காந்திருந்துச்சு."

உண்மைதான், முட்டை ஓடு இருந்தது.

நம் பக்கம் வறண்ட காற்று. கடலோர வண்டிகளைப்போல இங்கே தகரம் சல்லடையாகாது. சேஸியின் பக்கவாட்டுக் கைகளில் இரண்டு மட்டும் துருவில் ஓட்டையாகியிருந்தன, தரைத் தகடு நன்றாகவே இருந்தது. "லாட்டரிதான் போங்க" என்றார் டிங்கர் பாய். ஆனால் கோழி எரு வேறு வேலை பார்த்து வைத்திருந்தது. ஒயரிங்கில் ஓரிடத்தில் பிளாஸ்டிக்கைச் சீவிப் பார்த்தேன். உள்ளே செம்புக்கம்பி பச்சையும் கறுப்புமாகப் பொடிந்திருந்தது, விரலில் தேய்த்தால் மாவு. ரேடியேட்டரின் பித்தளைத் தொட்டியில் மயிரிழை வெடிப்புகள் ஏழெட்டு. எருவிலிருந்து வரும் அம்மோனியா இரும்பைப் பெரிதாகச் சீண்டாது. செம்பையும் பித்தளையையும்தான் தின்னும். வெள்ளைக்காரர் காலத்தில் குதிரை லாயத்தில் அடுக்கி வைத்த பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலத்தில் தானாக வெடிப்பு விட்டதும், அதற்குக் குதிரை மூத்திரத்து அம்மோனியாதான் காரணம் என்று 1921ல் கண்டுபிடித்ததும் நம் நாட்டைத் தொட்ட கதைதான். இதையெல்லாம் நான் படித்தது வண்டியை வாங்கிய பிறகு. கோழிப்பண்ணை, மாட்டுத் தொண்டுப்பட்டி பக்கம் நின்ற வண்டியை வாங்கினால் ஒயரிங்கும் ரேடியேட்டரும் இல்லை என்று நினைத்து விலை பேசுங்கள். நான் பேசவில்லை.

போட்ட பட்ஜெட் ஒன்றரை லட்சம். ஆனது 3,12,000. எங்கே போனது என்று கேட்டால், பாதிக்கும் மேல் டிங்கரிங்கிலும் பெயிண்டிலும் போனது. என்ஜின் பக்கம் பழைய இரும்பு என்னைக் காப்பாற்றியது.

ஹெரால்டில் எனக்குப் பிடித்த விஷயம், அதைப் பிரிப்பது எளிது. தனிச் சேஸி, அதன் மேல் போல்ட் போட்டு முடுக்கிய பாடி. முன்பக்கம் முழுவதும், மட்கார்டும் லைட்டும் சேர்த்து, ஒரே துண்டாக முன்னால் கவிழும். தூக்கி வைத்துவிட்டு முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். குனிந்து இடுப்பு பிடிக்காமல் என்ஜின் வேலை பார்க்க முடிகிற கார் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். கூரையும் போல்ட்தான், கழற்றினால் திறந்த கார் ஆகிவிடும். ஆசை இருந்தது. ஆனால் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆர்சி புத்தகத்தோடு விளையாட எனக்குத் தைரியம் இல்லை. கூரை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அதே காரணத்தால்தான் என்ஜினையும் மாற்றவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் "ஒரு மாருதி என்ஜினை இறக்கிடுங்க", "டீசல் போட்டுடுங்க, செலவு மிச்சம்" என்றார்கள். என்ஜின் நம்பர் மாறினால் அப்புறம் ஆர்டிஓ ஆபீஸ் வாசலில்தான் குடியிருக்க வேண்டும். என்னிடம் இருந்த 948 சிசி பிளாக்கையே கோவை கணபதியில் போரிங் போட்டு, கிராங்கைக் கிரைண்டிங் செய்து, யாரோ கடையில் வருடக்கணக்கில் தூங்கிய ஓவர்சைஸ் பிஸ்டன் செட்டைப் போட்டோம். ஹெட்டில் கெட்டியான வால்வு சீட் (வால்வு வந்து உட்காரும் வளையம்) கட்டாயம் போடச் சொன்னேன். இந்த என்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்குப் பழகியது, நம் நாட்டில் அது 2000ஆம் ஆண்டோடு நின்றது. சீட் மாற்றாமல் ஓட்டினால் வால்வு மெல்ல மெல்ல உள்ளே இறங்கிவிடும்.

மீதிக்கு ஒரு கேஸல் கிடைத்தது. ஹெரால்டுக்குப் பிறகு 1972 முதல் ஐந்து வருடம் அதே கம்பெனி விற்ற நாலு கதவுக் கார் அது. பின் ஆக்ஸில் மட்டும் வேறு. என்ஜினும் கியர் பாக்ஸும் நம் சாதிதான். ஈரோட்டில் ஒரு பழைய இரும்புக் கடையின் பின்பக்கம், கரும்பு டிராக்டர் ஒன்றின் அடியில் கிடந்தது. பழைய இரும்புக் கடையில் ஒரு வழக்கம் உண்டு: நீங்கள் சும்மா நிற்கிறவரை விலை கிலோவுக்கு. கண்ணில் ஆசை தெரிந்த நிமிடம் விலை பீஸுக்கு மாறிவிடும். அதனால் மெக்கானிக் அண்ணன் என்னை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டுத் தனியாகப் போனார். கியர் பாக்ஸ், ஹெட், கேம் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர், பெட்ரோல் பம்ப் எல்லாம் சேர்த்து 14,000க்கு முடிந்தது. நானே போயிருந்தால் இரண்டு மடங்கு கொடுத்திருப்பேன்.

பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய டைனமோவைத் தூக்கிவிட்டு மாருதி 800 ஆல்டர்னேட்டர் வைத்தோம், பிராக்கெட் மட்டும் செய்ய வேண்டியிருந்தது. இரவில் லைட் எரிய ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான். அதே வண்டியின் எலக்ட்ரிக் ஃபேன் ரேடியேட்டர் முன்னால் இருக்கிறது. அவிநாசி ரோட்டு டிராஃபிக்கில் மே மாதம் நின்றாலும் சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. ஹெட்லைட் ஏழு இஞ்ச் வட்டம், ஜீப்புக்கும் அம்பாசடருக்கும் போடுவதுதான், உக்கடத்தில் புதிதே மலிவு. உட்காரும் சீட் ஒரு அடிபட்ட மாருதி ஜென்னிலிருந்து. வீலில்தான் ஏமாந்தேன். 13 இஞ்ச் மாருதி ரிம்மைப் போட்டுவிடலாம் என்று இரண்டு வாங்கி வந்தேன். நாலு போல்ட்டுதான், ஆனால் அதில் போல்ட்டுகள் நிற்பது 114.3 மில்லிமீட்டர் வட்டத்தில், ஹெரால்டில் 95.25. இன்னும் அந்த ரிம் இரண்டும் வீட்டுத் திண்ணையில் பூந்தொட்டி வைக்கப் பயன்படுகின்றன. பழைய ரிம்மையே நெளிவு எடுத்து 145/80 ஆர்13 டயர் போட்டேன்.

இனி ட்ரன்னியன். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வாங்க நினைப்பவர்கள் இதை மட்டுமாவது படியுங்கள். முன் வீலைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிப்பக்கம் மரை (திருகுப் புரி) போட்டிருக்கும். அது ட்ரன்னியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் வீல் ஏறி இறங்கித் திரும்புகிறது. இதற்குள் போக வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். ஆனால் அங்கே நிப்பிள் மாதிரி ஒரு இடம் இருப்பதால் பார்க்கிற மெக்கானிக் எல்லாம் கிரீஸ் அடிப்பார். கிரீஸ் மேலே ஏறாது, கெட்டியாகிவிடும். உள்ளே தண்ணீர் தங்கும், தண்டு துருப்பிடிக்கும், ஒரு நாள் திருப்பத்தில் ஒடியும். ஒடிந்தால் வீல் வெளிப்பக்கம் மடிந்து வண்டி தரையில் உட்காரும். என் வண்டியைக் கழற்றியபோது உள்ளே சோப்புக்கட்டி மாதிரி கிரீஸ். வலது தண்டில் நகம் மாட்டுகிற அளவுக்கு வெடிப்பு.

தண்டு இரண்டையும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். ஸ்பிட்ஃபயர் அங்கே இன்னும் நிறைய ஓடுவதால் புதிதாகவே கிடைக்கிறது. கஸ்டம்ஸ் கட்டியதைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். மிச்சம் பிடிக்கிறேன் என்று வெண்கலக் கட்டையை மட்டும் இங்கே லேத்தில் செய்யக் கொடுத்தேன். லேத் அண்ணன் முதல் நாள் இரண்டுக்கும் ஒரே மரை போட்டுவிட்டார். ஒரு பக்கம் இடது மரை வர வேண்டும் என்பது வண்டியில் மாட்டப் போனபோதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. அவர் தலையைச் சொறிந்துகொண்டே மறுபடி போட்டார், காசு வாங்கவில்லை. பித்தளைக் கம்பியில் செய்த அந்த ஜோடி 3,800 கிலோமீட்டரில் ஆட்டம் கண்டது. அடுத்து, "கிணத்து மோட்டார் புஷ்ஷுக்குப் போடறதையே போட்டுப் பாக்கலாமுங்க" என்று கன்மெட்டல் என்ற வெண்கல வகையில் செய்தார். அது 11,000 தாண்டியும் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் 2023ல் இங்கிலாந்துக் கட்டையையே வாங்கிப் போட்டுவிட்டேன். மலை இறங்கும்போது மனதில் அந்த மரை சுற்றிக்கொண்டே இருந்தால் வண்டி ஓட்ட முடியாது. லேத் அண்ணனின் கை மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இன்னொருவருக்கு இந்த வழியைச் சொல்ல மாட்டேன்.

பிரேக்கிலும் அப்படித்தான். இதில் நாலு வீலுக்கும் ஒரே லைன். ஒரு பைப் விட்டால் பெடல் நேராகத் தரைக்குப் போகும். பைப், ஹோஸ், ரப்பர் அனைத்தும் புதிது. பழைய கடையில் பிரேக் பொருள் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பெயிண்டைப் பற்றிப் பேசவே பிடிக்கவில்லை. இரண்டு மாதம் என்று சொன்னவர் பதினொரு மாதம் வைத்திருந்தார். அடுத்த ஐப்பசி மழையில் கதவின் கீழ் ஓரம் அப்பளம் மாதிரி பொரிந்தது. பள்ளம் நிரப்பும் பட்டிப் பசையை அள்ளி அப்பியிருக்கிறார். சேஸியிலிருந்து பாடியை இறக்கும் முன் கதவு இடைவெளியை அளந்து எழுதி வைக்காதது என் தப்பு. இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் ஷிம் தகடு எங்கே எத்தனை என்று தெரியாமல் கதவை ஒட்ட வைக்கவே மூன்று வாரம் ஆனது.

ஓட்டுவது எப்படி? ஆழியாறிலிருந்து வால்பாறை, நாற்பது கொண்டை ஊசி. இந்த வண்டிக்கு அது விளையாட்டு மைதானம். சுமார் இருபத்தைந்து அடி வட்டத்தில் திரும்பிவிடும், பின்னால் வந்த புதுக் கார்க்காரர் ஒரு வளைவில் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போது நான் அடுத்த வளைவில் இருந்தேன். ஸ்டியரிங் கையில் பேசும். முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது. ஓட்டத்தில் போட வேண்டுமானால் பழைய லாரி டிரைவர் மாதிரி டபுள் கிளட்ச் அடிக்க வேண்டும். ஏறும்போது இரண்டாவதிலேயே இழுத்தது, அவசரமில்லை.

இறங்கும்போதுதான் பாடம். பின் ஆக்ஸில் நடுவில் மட்டும் மடியும் வகை. வளைவில் வேகமாக நுழைந்து பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரை விட்டால், பின்பக்கம் எழும்பி, வீல்கள் அடியில் உள்ளே மடங்கும், வண்டி குந்திய தவளை மாதிரி நிமிரும். எனக்கு ஒரே ஒரு முறை நடந்தது. பின்பக்கம் அரை அடி நழுவியதும் பக்கத்தில் இருந்த மனைவி எதுவும் சொல்லவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தாள், அவ்வளவுதான். அதற்கப்புறம் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தே வருகிறேன். கீழே ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூ பக்கம் பிரேக் டிரம்மிலிருந்து கருகல் வாடை வந்தது. நிறுத்தி அரை மணி நேரம் அணையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது கியரில் இறங்கியிருக்க வேண்டும்.

ஆறு வருடத்தில் ரோட்டில் நின்றது மூன்று முறை. இரண்டுக்குக் காரணம் பெட்ரோல். பங்கில் 20 சதவீத எத்தனால் வர ஆரம்பித்த பிறகு பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் என்ற சவ்வு உப்பிப்போனது, ஹோஸ் உள்ளுக்குள் உரிந்து கார்ப்பரேட்டரை அடைத்தது. இப்போது எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டு, பில்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். மூன்றாவது, கிளட்ச் சிலிண்டர் ரப்பர், காங்கேயம் ரோட்டில். மைலேஜ் ரோட்டில் 13, ஊருக்குள் 10.

2023ல் ஆர்சியைப் புதுப்பித்தேன், அப்போது கட்டணம் 5,000. ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு 2021லிருந்து விண்டேஜ் பதிவு இருக்கிறது, 20,000 கட்டினால் பத்து வருடத்துக்குக் கொடுப்பார்கள். ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் ஓட்டலாம். நான் இதில் தேங்காய் மூட்டை ஏற்றுகிறவன்.

வண்டியை முழுக்கப் பிரித்து, தரைத் தகட்டைச் சுரண்டி, இரண்டு கோட் அடித்து, புது மேட், புது மெத்தை எல்லாம் போட்டாயிற்று. இருந்தும் மழை நாளில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனால், பல்லடம் தாண்டும் முன்பே பின் சீட்டிலிருந்து கோழி எரு வாசம் மெல்ல வருகிறது. "பண்ணை எதுனா பக்கத்துல இருக்குதா?" என்று ஏறுகிறவர்கள் கேட்பார்கள். இந்தப் பக்கம் எங்கே பார்த்தாலும் பண்ணைதான், அதனால் ஆமாங்க என்று சொல்லிவிடுகிறேன்.