பழைய பாடசாலை மலர் தேடுகிறீர்களா? நூலகம் தளத்துக்குப் போங்கள்

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் பழைய கதை வேண்டுமென்றால் நான் முதலில் கைகாட்டுவது, ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஸ்கான் பண்ணிப் போடும் நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தைத்தான். 2005இல் தொடங்கியது, காசு கேட்பதில்லை, பதிந்துகொள்ளவும் தேவையில்லை, பிடிஎப் எடுத்துப் போனிலேயே வாசிக்கலாம்.

நான் அதில் விரும்பித் தேடுவது 1940கள், 50களின் பாடசாலை மலர்களை, அதாவது பாடசாலைகள் வெளியிட்ட இதழ்களை. அந்தக் காலத்தில் பாடசாலை நூல்நிலையத்தைப் பார்த்துக்கொண்டவர் பெரும்பாலும் ஒரு ஆசிரியர்தான். தன் வகுப்புகளையும் எடுத்துக்கொண்டு, அலுமாரித் திறப்பையும் வைத்துக்கொண்டு, வந்த புத்தகத்துக்கு இலக்கம் போட்டு, இரவல் கொடுத்ததை எழுதி, கிழிந்ததை ஒட்டி, இருக்கிற சொற்பப் பணத்தில் எதை வாங்குவது என்றும் அவரே முடிவெடுக்க வேண்டும். 1945இல் இலவசக் கல்வி வந்தது, பிள்ளைகள் கூடினார்கள், தாய்மொழிக் கல்வியும் வகுப்பு வகுப்பாக மேலே ஏறியது, ஆனால் பெரிய கல்லூரிகளின் அலுமாரிகளில் இருந்ததோ கூடுதலாக ஆங்கிலப் புத்தகம். தமிழில் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைக்கு எதை எடுத்துக் கொடுப்பது? பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு பிள்ளை எதை வாசிக்கும் என்பது அந்த ஒருவரின் தெரிவில் தங்கியிருந்தது. இவ்வளவு பெரிய வேலைக்கு மலரில் கிடைப்பது சிலவேளை ஒரு பந்திதான், அதனால் அதைத் தவறவிடாமல் வாசியுங்கள்.

தளத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பல இதழ்களின் பக்கத்தில் உள்ளடக்கத்தைத் தட்டெழுதிப் போட்டிருப்பது. முழுக் கோப்பையும் இறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். படமாக ஸ்கான் பண்ணியவை பெரிதாக இருக்கும், டேட்டாவைப் பார்த்து இறக்குங்கள். தேடும்போது நூலகர் என்று மட்டும் போடாதீர்கள், நூல்நிலையம், வாசிகசாலை என்றும் போடுங்கள், மலரின் ஆங்கிலப் பகுதியையும் புரட்டுங்கள், அப்போதைய அறிக்கைகள் பல அங்கேதான் இருக்கும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அதனால் யாரோ வீட்டுப் பெட்டியில் தப்பிய ஒரு மலர்கூட எங்களுக்குப் பெரிய சொத்து. உங்கள் அம்மம்மா வீட்டிலோ பெரியப்பா வீட்டிலோ அப்படி ஒன்று கிடந்தால், அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் நூலகம் நிறுவனத்துக்கு ஸ்கான் பண்ணக் கொடுங்கள்.