கேபிள் பாயின்ட் இல்லாத அறைக்கு டிவி: ஒயரா, டிஷ்ஷா, வைஃபையா?

மதுரையில் பழைய வீடுகள் பலவற்றில் ஹாலில் ஒரு கேபிள் பாயின்ட் வைத்ததோடு வேலை முடிந்திருக்கும். பெரியவர்கள் படுக்கும் அறையிலும் மாடி அறையிலும் பிளக் இருக்கும், டிவி ஒயர் இருக்காது. அந்த அறையில் டிவி ஓட இன்று நாலு வழி உண்டு: ஹால் கேபிளைப் பிரித்து இரண்டாவது பாக்ஸ் போடுவது, டிஷ்ஷிலிருந்து இன்னொரு ஒயர் இறக்குவது, இன்டர்நெட்டில் பார்ப்பது, ஹால் பாக்ஸின் படத்தையே அறைக்கு அனுப்புவது. எது நல்லது என்பதைப் படத்தின் தரம் முடிவு செய்வதில்லை. நாலிலும் படம் நன்றாகவே வரும். அந்த அறைக்குள் ஓர் ஒயர் போக வழி இருக்கிறதா, அங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்ற இரண்டும்தான் முடிவு செய்யும்.

இதற்கு முன் ஐந்தாவதாக ஒன்றை ஒதுக்கிவிடலாம். டிவிக்குப் பின்னால் ஒட்டினால் போதும் என்று ஆன்லைனில் விற்கிற இன்டோர் ஆன்டெனாவை மதுரையில் வாங்க வேண்டாம். மொட்டைமாடி ஆன்டெனாவைக் கொடைக்கானல் டவர் பக்கம் திருப்பி வைத்த காலம் முடிந்துவிட்டது. தூர்தர்ஷன் தன் அனலாக் தரைவழி ஒளிபரப்பை ஏறக்குறைய முழுவதும் நிறுத்திவிட்டது. 2016ல் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்புக்கு அறிவித்த 16 நகரங்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை மட்டுமே உண்டு. அந்த ஆன்டெனா வெளிநாட்டு ஊர்களுக்குச் செய்தது.

ஹால் கேபிளைப் பிரிப்பது

கேபிள் கனெக்‌ஷன் இருக்கிற வீட்டில் இதுதான் குறைந்த வேலை. ஆனால் ஒயரைப் பிரித்து நேராக டிவியில் சொருகினால் ஒன்றும் வராது. சேனல்கள் பூட்டித்தான் வருகின்றன, பாக்ஸ்தான் திறக்கும். ஆக இரண்டாவது டிவிக்கு இரண்டாவது பாக்ஸ், அதற்குத் தனி மாதக் கட்டணம். ஒரே வீட்டில் இரண்டாவது டிவிக்கு நெட்வொர்க் கட்டணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2020ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்த உச்சவரம்பு 2024ல் எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது ஆபரேட்டர் சொல்வதுதான் தொகை. பாக்ஸ் போடுமுன் கேபிள்காரரிடம் மாதம் எவ்வளவு என்று கேட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

ஒயரைப் பிரிக்கும் குட்டிக் கருவியான ஸ்பிளிட்டர் இரண்டு வழி என்றால் ஒவ்வொரு பக்கமும் 3.5 முதல் 4 டெசிபல் வரை சிக்னலைக் குறைக்கும், மூன்று வழி 6 வரை. டிவிக்கு இழுக்கும் ஆர்.ஜி.6 ஒயர் 20 மீட்டர் போனால் இன்னும் 4 டெசிபலைத் தின்னும். தெருவிலிருந்து நல்ல சிக்னல் வந்தால் இது பிரச்சினையே இல்லை. ஏற்கெனவே சில சேனல் கட்டம் கட்டமாக உடைகிற வீட்டில் ஸ்பிளிட்டர் போட்டால் இரண்டு டிவியும் கெடும். அப்போது வீட்டுக்குள் ஆம்ப்ளிஃபயர் வைத்துப் பயனில்லை, உடைந்த சிக்னலை அது உடைந்தபடியே பெரிதாக்கும். வெளியே லைன் பிரியும் இடத்தில் சரிசெய்யச் சொல்லுங்கள். மூன்று வழி ஸ்பிளிட்டர் வாங்கி ஒரு வாயைச் சும்மா விடுவதும் வீண் நஷ்டம்.

கெட்டுப்போகிற இடம் பெரும்பாலும் எஃப் கனெக்டர், அதாவது ஒயர் நுனியில் மாட்டும் திருகு. ஒயரின் மேல்தோலைச் சீவியதும் உள்ளே வலை போன்ற மெல்லிய கம்பிப் பின்னல் தெரியும். அதைப் பின்பக்கம் மடித்துவிட்டு, வெள்ளை நுரையைக் கனெக்டரின் உள்விளிம்போடு வெட்டி, நடுக்கம்பி வாய்க்கு வெளியே 2, 3 மில்லிமீட்டர் மட்டும் நீட்டியிருக்க விட வேண்டும். பின்னலில் ஒரே ஒரு இழை முன்னால் வந்து நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். கேபிளில் படம் போகும், டிஷ்ஷில் எல்.என்.பி (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் கருவி) ஷார்ட் என்று திரையில் எழுதும். மாட்டுவதற்கு முன் டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். கையால் முறுக்கி மாட்டும் கனெக்டரைவிட கிரிம்ப் டூலால் அழுத்துவது பல வருடம் நிற்கும்.

டிஷ்ஷிலிருந்து இறக்குவது

இங்கே அதிகம் நடக்கும் தவறு, கேபிள் ஸ்பிளிட்டரையே டிஷ் ஒயரில் போடுவது. கேபிள் சிக்னல் 862 மெகாஹெர்ட்சுக்குள் முடிந்துவிடும். டிஷ்ஷிலிருந்து இறங்குவது 950 முதல் 2150 வரை. சாதா ஸ்பிளிட்டர் அதை விடாது. டிஷ் ஸ்பிளிட்டரே போட்டாலும் இன்னொரு சிக்கல். ஒரு வகை அலை வேண்டுமானால் பாக்ஸ் ஒயரில் 13 வோல்ட் ஏற்றும், மற்றொரு வகைக்கு 18. ஒரே எல்.என்.பியில் இரண்டு பாக்ஸ் தொங்கினால் 18 கேட்டது ஜெயிக்கும். ஹாலில் பாக்ஸை அணைத்தால் மட்டும் அறையில் சில சேனல் வருகிறது என்று வீட்டில் சொன்னால் காரணம் இதுதான். தீர்வு, இரண்டு வாய் உள்ள ட்வின் எல்.என்.பி. டிஷ்ஷை மாற்ற வேண்டியதில்லை. அதே நிறுவனத்தின் எல்.என்.பியாகக் கேளுங்கள். ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒவ்வொரு பாக்ஸுக்குத் தனி ஒயர்.

ஹாலில் கேபிள் இருந்து, அறைக்கு மட்டும் புது டிஷ் என்றால் வைக்கிற இடம்தான் கேள்வி. டிஷ் நிறுவனத்துக்கு நிறுவனம் செயற்கைக்கோள் வேறு, உங்களுடையது எத்தனை டிகிரி என்று கேட்டுக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து பார்த்தால் 93.5 டிகிரி கிழக்கில் உள்ள செயற்கைக்கோள் தென்கிழக்கில், ஏறக்குறைய 68 டிகிரி உயரத்தில் நிற்கிறது. 83 டிகிரியில் உள்ளது இன்னும் மேலே, 77. 108.2 டிகிரியில் உள்ளது கிழக்கு பார்த்து 53. அதாவது டிஷ் பார்ப்பது கிட்டத்தட்ட உச்சியை. ஜன்னல் சன்ஷேட்டுக்குக் கீழே டிஷ் மாட்டினால் சன்ஷேட்டே மறைத்துவிடும். 93.5க்கு டிஷ்ஷைத் தாண்டி ஸ்லாப் 2 அடி நீட்டியிருந்தால், டிஷ் அதற்கு 5 அடிக்கு மேல் கீழே இருந்தால்தான் வானம் தெரியும். வடக்கு, மேற்கு பார்த்த பால்கனியை மறந்துவிட்டு மொட்டைமாடிக்கே போங்கள். அங்கே கைப்பிடிச் சுவரின் பூச்சில் ஆணி அடித்து நிறுத்தாமல், கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் நாலு போட வேண்டும். ஆடிக் காற்றில் கம்பம் அரை விரற்கடை நகர்ந்தாலே சிக்னல் போய்விடும். அழகர்கோவில் பக்கம் குரங்கு ஏறி உட்காரும் மாடிகளில் கம்பம் குட்டையாக இருப்பது நல்லது.

மாதக் கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்கு டிடி ஃப்ரீ டிஷ் உண்டு. டிடி தமிழ் வரும், அதாவது 2024 ஜனவரி வரை பொதிகை. ஆனால் தனியார் தமிழ்ச் சேனல்கள் மிகக் குறைவு. மாலைச் சீரியல் பார்க்கும் வீட்டுக்கு இது போதாது.

இன்டர்நெட்டில் பார்ப்பது

வாடகை போர்ஷன், சுவரைத் தொட வீட்டுக்காரர் விடமாட்டார் என்றால் இதுதான் வழி. ஹெச்.டி படத்துக்கு நிலையாக 5 மெகாபிட் போதும். ஆனால் அது ரௌட்டர் பக்கத்தில் அளந்ததாக இருக்கக் கூடாது. டிவி வைக்கப்போகும் மூலையில் போனை வைத்து, இரவு எட்டு, ஒன்பது மணிக்கு ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். வேகம் ஏறி இறங்கும் என்பதால் அங்கே 10க்கு மேல் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மேட்சின் நடுவே சுற்ற ஆரம்பிக்கலாம். மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளின் தடித்த சுண்ணாம்புக் காரைச் சுவர்களில் ஒன்றைத் தாண்டவே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை திணறும். 2.4க்கு மாற்றிப் பாருங்கள், வேகம் குறைந்தாலும் எட்டும். மாடிக்கு என்றால் கான்கிரீட் தளத்தோடு மல்லுக்கட்டுவதைவிட வெளிச்சுவர் வழியே ஒரு லேன் ஒயர் ஏற்றுவது மேல்.

பழைய டிவியில் இன்டர்நெட் படம் வர ஹெச்.டி.எம்.ஐ வாயில் சொருகும் ஸ்டிக் போடுகிறவர்கள் அதற்கு டிவியின் யு.எஸ்.பி வாயிலிருந்து கரண்ட் எடுக்க வேண்டாம். பல டிவியில் அந்த வாய் அரை ஆம்பியர்தான் தரும், ஸ்டிக் தானாக அணைந்து அணைந்து எழும். கூடவே வந்த அடாப்டரையே பிளக்கில் போடுங்கள். டிவியின் தகட்டுக்குப் பின்னால் வைஃபை மங்கினால் பெட்டியோடு வரும் குட்டி ஹெச்.டி.எம்.ஐ நீட்டியைச் சேருங்கள்.

இதன் உண்மையான குறை வயதானவர்களுக்கு. சன் குழுமத்துக்கு ஒரு ஆப், விஜய்க்கு ஒன்று, ஜீ தமிழுக்கு ஒன்று, நியூஸுக்கு யூடியூப், டிடிக்குப் பிரசார் பாரதியின் வேவ்ஸ். சேனல் பட்டனை மேலே, கீழே அழுத்தியே பழகிய அம்மாவுக்கு இது தினமும் ஒரு போராட்டம், ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கும். அவர்கள் அறைக்குப் பாக்ஸும் ஒரே ரிமோட்டும் கொடுங்கள். இன்னொன்று, நேரலை அரை நிமிடம்வரை பிந்தி வரும். அழகர் ஆற்றில் இறங்கும்போது அடுத்த வீட்டில் கோவிந்தா கேட்ட பிறகுதான் இங்கே படம் வரும்.

ஹால் படத்தையே அனுப்புவது

ஹாலில் ஓடுவதே போதும் என்றால் மாதச் செலவு இல்லை. பாக்ஸிலிருந்து ஹெச்.டி.எம்.ஐ ஸ்பிளிட்டர், 10 மீட்டர்வரை சாதாரண ஒயர். அதற்கு மேல் கேட்6 என்ற லேன் ஒயரில் போகும் எக்ஸ்டெண்டர். ரிமோட்டுக்கு ஐ.ஆர் கண் சேர்ந்த மாடலாக வாங்குங்கள், இல்லாவிட்டால் சேனல் மாற்ற ஹாலுக்கு நடக்க வேண்டும். ஒயர் இல்லாத ஹெச்.டி.எம்.ஐ கருவி ஒரே அறைக்குள் நன்றாக ஓடும், 9 அங்குலச் செங்கல் சுவருக்கு அப்பால் நம்பி வாங்க வேண்டாம்.

கரண்டும் மழையும்

கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் டிஷ் தொடர்ந்து ஓடும். கேபிளுக்குத் தெரு ஆம்ப்ளிஃபயருக்கும் கரண்ட் வேண்டும், உங்கள் இன்வெர்ட்டர் அதைக் காப்பாற்றாது. ஃபைபருக்கு மோடத்தையும் ரௌட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் போட்டிருந்தால் பெரும்பாலும் தப்பும். ஐப்பசி, கார்த்திகையில் கனமழை கொட்டும்போது மங்குவது டிஷ் மட்டும்தான், மழை குறைந்ததும் தானாக வந்துவிடும்.

ஒயர் இழுக்க வழி இருந்தால் ஒயரையே இழுங்கள் என்பதுதான் எங்கள் கருத்து. முதலில் பழைய டெலிபோன் பைப்பைத் தேடுங்கள். ஆர்.ஜி.6 ஏழு மில்லிமீட்டர்தான், அதில் ஏறும். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் சேர்க்கவே கூடாது. உள்ளே தோல் உரிந்தால் பாக்ஸின் தகட்டில் ஷாக் வரும். சுவரைத் துளைப்பதானால் ஓரடிக்கு மேல் நீளமான பிட் வேண்டும். வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாகத் துளைத்தால் மழைத்தண்ணீர் உள்ளே வராது. ஒயரைத் துளைக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றி நுழைத்து, சிலிகான் பூசுங்கள். சிரமப்பட்டுத் துளைத்த வழியில் ஓர் ஆர்.ஜி.6, ஒரு கேட்6 இரண்டையும் சேர்த்தே இழுத்துவிடுங்கள். வேலைக்கு வந்தவர் கிளம்புமுன் இரண்டு டிவியையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, ஹாலில் ஒரு சேனலை நிறுத்திக்கொண்டு அறையில் எல்லாச் சேனலையும் ஒரு சுற்று மாற்றிப் பாருங்கள். பிறகு ஹால் சேனலை மாற்றி இன்னொரு சுற்று.