தாடை மூட்டு வலி: நைட் கார்டா, பயிற்சியா, ஊசியா?

வாயைத் திறந்தால் காதுக்கு முன்னால் 'டக்' என்ற சத்தம், மெல்லும்போது கன்னத்தில் வலி, காலையில் எழுந்ததும் நெற்றிப்பொட்டில் கனம். இப்படிப் பல் மருத்துவரிடம் போகிறவர்களில் பலருக்கு முதலில் கிடைப்பது, இரவில் பற்களின் மேல் மாட்டும் உறையான நைட் கார்டு. சிலருக்கு அது சரியான தேர்வுதான். பலருக்கு அதைவிடச் செலவு குறைந்த, அதைவிடப் பலன் தரும் வழி உண்டு. வலி தசையில் பிறக்கிறதா, மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கிலா, எலும்பிலா என்று பிரித்துப் பார்த்தால்தான் எது யாருக்கு என்பது தெரியும்.

அதற்கு விரலும் ஸ்கேலும் போதும். கன்னத் தசையையும் பொட்டுத் தசையையும் சுமார் 1 கிலோ விசையில் 2 விநாடி அழுத்த வேண்டும். மூட்டின் மேல் அரைக் கிலோ போதும். "வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் பலரும் ஆமாம் என்பார்கள். "நீங்கள் சொன்ன வலி இதேதானா?" என்று கேட்க வேண்டும். 2014இல் வந்த சர்வதேச நோயறி விதிகள் இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கின்றன. அடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி மேல், கீழ் முன்பற்களின் நுனிகளுக்கு இடையே அளந்து, மேல்பல் கீழ்ப்பல்லை மூடும் அளவையும் கூட்ட வேண்டும். முன்பு இருந்த 'டக்' திடீரென நின்று, திறப்பும் 40 மி.மீ.க்குக் கீழே இறங்கியிருந்தால், டிஸ்க் முன்னே நழுவி அங்கேயே சிக்கிக்கொண்டது என்று சந்தேகிக்கலாம். வலியே இல்லாத வெறும் சத்தத்துக்குச் சிகிச்சை வேண்டாம்.

தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில் பல்லும் எலும்பில் பெரிய மாற்றமும் தெரியும்; டிஸ்க் தெரியாது. டிஸ்க்குக்கு எம்ஆர்ஐ, எலும்புத் தேய்மானத்துக்கு சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே. தசை வலிக்கு இரண்டும் தேவையில்லை.

தாடை மூட்டு வலி போலவே வேடமிடும் வேறு நோய்களைத் தவறவிட்டால்தான் ஆபத்து. முகம் கழுவும்போது சில விநாடி மின்சாரம் பாய்ந்ததுபோல் வெட்டினால் அது நரம்பு வலி. 50 வயதைத் தாண்டியவருக்கு உணவை மெல்லும்போது தாடை களைத்து வலித்து, தலைத்தோலும் தொட்டால் நொந்தால், பொட்டு ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அன்றே பார்க்காவிட்டால் கண்பார்வை போகக்கூடும். மாடி ஏறும்போது மட்டும் வரும் தாடை வலிக்கு இசிஜி எடுக்க வேண்டும். பாக்கு, குட்கா போடுகிறவருக்கு வாய் திறப்பு குறைந்து, காரம் பட்டால் எரிந்தால், முதலில் கன்னத்தின் உட்புறம் வெளுத்து இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே கோளாறு மூட்டில் இல்லை.

இனி ஒப்பீடு. நைட் கார்டு என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சாமான்கள் விற்கப்படுகின்றன. மென்மையானதைச் சூடாக்கி அச்சில் உறிஞ்சி ஒரே நாளில் செய்துவிடலாம், விலையும் குறைவு. ஆனால் அதைத் தேய்த்துச் சமப்படுத்த முடியாது. சிலர் தூக்கத்தில் அதையே மென்றுகொண்டிருப்பார்கள். 1987இல் 10 பேரிடம் நடந்த சிறிய ஆய்வில் மென்மையான கார்டு 5 பேருக்கு இரவுத் தசை இயக்கத்தைக் கூட்டியது. கடினமானது 8 பேருக்குக் குறைத்தது. ஸ்பிளின்ட் என்றும் சொல்லப்படும் கடினமான அக்ரிலிக் கார்டு ஒரு வரிசைப் பற்கள் அத்தனையையும் மூட வேண்டும், இருபுறமும் ஒரே நேரத்தில் படிய வேண்டும். தசை தளரும்போது தாடை நிலை மாறுவதால் ஓரிரு வாரத்தில் மீண்டும் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். அந்த இரண்டாம் சந்திப்பு இல்லாமல் கொடுக்கப்படும் ஸ்பிளின்ட் அரைகுறை வேலை. முன்பற்களை மட்டும் தொடும் சிறிய வகை கவர்ச்சியானது. நெடுநாள் போட்டால் பின்பற்கள் எழும்பி, முன்பற்கள் சேராமல் போகலாம். தாடையை முன்னால் இழுத்து வைக்கும் வகையை இரவும் பகலும் போட்டால் பின்பற்கள் சேராமல் போகும். எந்த வகையானாலும், கழற்றிய பிறகும் கடி மாறியே இருந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

பயிற்சிக்கு விளம்பரம் இல்லை, ஆனால் சான்று இதன் பக்கம்தான். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்காக 2023இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டுதல், மேற்பார்வையோடு செய்யும் தாடைப் பயிற்சி, கைச்சிகிச்சை, மனநடத்தைச் சிகிச்சை ஆகியவற்றை உறுதியாகப் பரிந்துரைத்தது. கழற்றக்கூடிய ஸ்பிளின்ட், தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி, மூட்டைக் கழுவுதல் மூன்றையும் பொதுவாக வேண்டாம் என்ற பக்கமே வைத்தது. செய்முறை எளிது. 'ன' என்று சொல்லும்போது நாக்கு தொடும் இடத்தில் நுனியை வையுங்கள். நாக்கு அங்கிருந்து விலகாத அளவுக்கு மட்டும் வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள்: 6 தடவை, நாளுக்கு 6 முறை. முன்னால் கண்ணாடி இருக்கட்டும். முகவாய் ஒருபக்கம் ஓடக் கூடாது. மற்ற நேரம் உதடு மூடியிருக்க, பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டும். கணினி முன்னால் அறியாமல் கடித்துக்கொண்டிருப்பவருக்கு இந்த ஒரு பழக்கமே பெரிய மாற்றம் தரும். வலி தாங்கிக்கொண்டு இழுப்பதும், நான்கு நாளில் பலனில்லை என்று விடுவதும்தான் வழக்கமான தவறுகள்.

டிஸ்க் சிக்கி வாய் பூட்டிக்கொண்டு, சில வாரப் பயிற்சியிலும் திறக்காதபோது ஊசியை யோசிக்கலாம். மேலே சொன்ன மூட்டைக் கழுவுதல்தான் இது, 1991இல் விவரிக்கப்பட்ட முறை: மரத்துப்போகும் ஊசி போட்டு, மூட்டின் மேலறையில் இரண்டு ஊசிகளைச் செலுத்தி, ஒன்றின் வழியே ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை விட்டு மற்றதன் வழியே வெளியேற்றுவார்கள். டிஸ்க் பழைய இடத்துக்குத் திரும்பாது. ஒட்டல் விட்டுத் திறப்பு கூடும். அதன் பிறகு விரலால் வாயை விரிக்கும் பயிற்சியை விட்டால், கிடைத்த மில்லிமீட்டர்கள் கைநழுவும்.

பல்லைச் செதுக்கிக் கடியை மாற்றுவதையும், இந்த வலிக்காக மட்டும் கிளிப் போடுவதையும் ஏற்க முடியாது. செதுக்கிய எனாமல் திரும்ப வளராது. 1980களில் அமெரிக்காவில் டிஸ்க்கை எடுத்துவிட்டு டெஃப்லான் பூசிய செயற்கை வட்டு வைத்தார்கள். அது தூளாகி எலும்பையே அரித்து, திரும்பப் பெறப்பட்டது.

கத்தியை முதலில் எடுக்க வேண்டிய நிலை ஒன்று உண்டு. குழந்தை முகவாய் அடிபட விழுந்து, மாதங்கள் செல்லச் செல்ல வாய்த் திறப்பு சுருங்கி, முகவாய் ஒருபக்கம் ஒதுங்கினால், மூட்டு எலும்பாக ஒட்டிக்கொண்டது என்று பொருள். அங்கே ஸ்பிளின்டும் பயிற்சியும் வீண். தாமதித்தால் கீழ்த்தாடை வளராது, தூக்கத்தில் மூச்சும் தடைபடும். ஒட்டிய எலும்பை அறுத்தெடுத்த சில நாளிலேயே திறப்புப் பயிற்சி தொடங்கி மாதக்கணக்கில் நடக்க வேண்டும். குழந்தை அழுகிறதே என்று வீட்டில் நிறுத்திவிட்டால் எலும்பு மறுபடியும் ஒட்டும்.