ஓல்ட்பாயா, ஐ சா த டெவிலா?

கொரியப் பழிவாங்கல் படங்களில் ஒன்றை மட்டும் நண்பர்களோடு பார்த்துப் பேசலாம் என்று முடிவானபோது, படத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கடைசிவரை நின்றவை இரண்டு. பார்க் சான்-வூக்கின் ‘ஓல்ட்பாய்’ (2003), கிம் ஜீ-வூனின் ‘ஐ சா த டெவில்’ (2010). பலரும் முதல் படத்தைத்தான் எதிர்பார்த்தார்கள். நான் இரண்டாவதைப் போட்டேன், இன்றும் அதே பக்கம்தான் நிற்கிறேன். இங்கே அந்தப் படத்தின் கதையை முடிவு வரை பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். ஓல்ட்பாயின் ரகசியத்தைத் தொட மாட்டேன்.

ஓல்ட்பாயின் பெருமை ஊரறிந்தது. 2004இல் அமெரிக்க இயக்குநர் குவென்டின் டரான்டினோ தலைமையிலான கான் திரைப்பட விழா நடுவர் குழு அதற்கு கிராண்ட் ப்ரீ பரிசு கொடுத்தது. நடைபாதையில் ஒரே ஷாட்டாக ஓடும் அந்தச் சுத்தியல் சண்டையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நடிப்பை வைத்தும் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டிலும் சோய் மின்-சிக்தான். அங்கே காரணம் தெரியாமல் 15 ஆண்டுகள் அறையில் அடைக்கப்பட்டவர், இங்கே பெண்களைக் கடத்திக் கொல்கிறவர்.

எனக்கு முடிவைத் தந்தது ஒரே கேள்வி. பழிவாங்கலுக்கு விலை கொடுப்பது யார்?

ஓல்ட்பாயில் கணக்கு பழையது. யார் அடைத்தது, ஏன் அடைத்தது என்று நாயகனோடு சேர்ந்து நாமும் தேடுகிறோம். விடை வரும்போது நெஞ்சு பதறுகிறது. ஆனாலும் அது அவர்களுக்குள் நடந்த துயரம், நான் வெளியே நின்று பார்க்கிறவன்.

ஐ சா த டெவிலில் புதிர் இல்லை, கொலைகாரன் யார் என்று தொடக்கத்திலேயே தெரியும். லீ பியுங்-ஹுன் நடித்த உளவுத்துறை அதிகாரி சூ-ஹியூன், தன் வருங்கால மனைவியைக் கொன்றவனைச் சீக்கிரமே பிடித்தும் விடுகிறான். பசுமைக்குடிலில் வைத்து அடித்துத் துவைக்கிறான். கொன்றிருக்கலாம், போலீசில் ஒப்படைத்திருக்கலாம். இரண்டையும் செய்யாமல், இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியை அவன் தொண்டைக்குள் இறக்கி, கொஞ்சம் பணத்தையும் வைத்துவிட்டுப் போகிறான். மறுபடி பிடிக்க வேண்டும், மறுபடி அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் தடவை நமக்கும் அது பிடிக்கிறது. இன்னும் நாலு போடு என்றுதான் மனசு சொல்கிறது. வெளியே வந்தவன் வழியில் ஒரு டாக்சியில் இருவரைக் கொல்கிறான். பிறகு போவது ஒரு கிளினிக்குக்கு, அங்கே அகப்படுவது ஒரு நர்ஸ். சூ-ஹியூன் வந்து தடுக்கிறான், கொலைகாரனின் குதிகால் நரம்பை அறுக்கிறான், பிறகு திரும்பவும் விடுகிறான். போதும் நிறுத்துங்கள் என்று இறந்தவளின் தங்கை கெஞ்சுகிறாள். அவன் நிறுத்தவில்லை. வயிற்றில் கருவி இருப்பது தெரிந்ததும் கொலைகாரன் மலமிளக்கி சாப்பிட்டு அதை வெளியேற்றுகிறான். அடுத்து அவன் போவது அந்தத் தங்கை வீட்டுக்குத்தான். அவளும் சாகிறாள்.

இந்த இடத்தில் பார்வையாளன் தப்பிக்க முடியாது. முன்பு அடிக்குக் கைதட்டியவன் இந்தச் சாவுக்கு என்ன சொல்வான்? முடிவில் இது இன்னும் கூர்மையாகிறது. கொலைகாரனின் தலையை வெட்டும் பொறி, அவனுடைய வயதான பெற்றோரும் மகனும் கதவைத் திறக்கும்போது இயங்கும்படி சூ-ஹியூன் அமைத்திருக்கிறான். அந்தப் பையன் செய்த குற்றம் என்ன? சூ-ஹியூன் சாலையில் உடைந்து அழுகிறான், எனக்கு அவன்மேல் இரக்கமும் கோபமும் ஒன்றாக வந்தன.

குறைகளும் உண்டு. படம் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, மனித மாமிசம் தின்னும் கூட்டாளியின் வீட்டுப் பகுதி தேவைக்கு மேல் நீள்கிறது. பெண் பாத்திரங்களுக்குச் சாவதைத் தவிர அதிகம் வேலை இல்லை என்ற விமர்சனத்துக்கு என்னிடம் பதில் கிடையாது. ரத்தமும் மிக அதிகம். கொரியாவில் தணிக்கைக்காகச் சில காட்சிகளை வெட்டிய பிறகே திரைக்கு வந்தது. நான் பார்த்தது வெட்டாத வடிவம், அதுவும் சப்டைட்டிலோடு. வெட்டிய வடிவமும் இதே அழுத்தம் தருமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

ரத்தம் ஒத்துக்கொள்ளாது, மர்மம் அவிழும் சுகம் வேண்டும் என்பவர்கள் யோசிக்காமல் ஓல்ட்பாய்க்குப் போகலாம். அதிலும் வன்முறை உண்டு, இந்த அளவுக்கு இல்லை. கூடிப் பேசுவதற்கு என்றால் என் தேர்வு டெவில்தான். அன்று படம் முடிந்ததும் எங்களுக்குள் எழுந்த சண்டை, சூ-ஹியூன் எந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும் என்பதுதான். கிளினிக்கோடு நிறுத்தியிருக்கலாம் என்றார்கள் சிலர். பசுமைக்குடிலிலேயே போலீசைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்றேன் நான். அப்படிச் செய்திருந்தால் அந்தத் தங்கை உயிரோடு இருந்திருப்பாள்.